கரண்ட் போனால் சோலார் எரியுமா? வீட்டு மின்சேமிப்பின் கதை



மொட்டை மாடியில் சோலார் பேனல் போடலாமா என்ற பேச்சு இப்போது நம் வளாகத்திலும் அக்கம்பக்கத்து வளாகங்களிலும் பரவலாக நடக்கிறது. மத்திய அரசின் மானியத் திட்டம் வந்த பிறகு லிஃப்ட் அருகில் நின்றால்கூட இதுதான் காதில் விழுகிறது. பேசுகிறவர்களில் சிலர் "மின்கட்டணம் குறையும்" என்கிறார்கள். வேறு சிலர் "இனி புயல் வந்து கரண்ட் போனாலும் நமக்குக் கவலை இல்லை" என்கிறார்கள். முதலாவது சரியான பேச்சு. இரண்டாவது, இன்று பெரும்பாலான மாடிகளில் பொருத்தப்படும் சோலார் அமைப்புக்குப் பொருந்தாது. தெருவில் கரண்ட் போன அதே நொடியில் அந்த அமைப்பும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் அப்படித்தான்.

இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. "பேனல் நம் மாடியில், வெயில் நம் மாடியில், பிறகு ஏன் கரண்ட் வராது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் ஓரளவு தொழில்நுட்பத்திலும், பெரும்பகுதி வரலாற்றிலும் இருக்கிறது. மின்சாரத்தை உண்டாக்குவது ஒரு வேலை, அதைச் சேர்த்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டும் தனித்தனியாகப் பிறந்தன, தனித்தனியாக வளர்ந்தன, இன்றும் தனித்தனியாகத்தான் விலைக்கு வருகின்றன. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் நம் ஊருக்கும் தமிழருக்கும் பங்கு உண்டு.

இருப்பு வீட்டில் இருந்த காலம்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போகிறவர்கள் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 1836 ஜூலை 1 அன்று அது முதன்முதலில் ஏற்றப்பட்டது. அன்று அதில் எரிந்தது எண்ணெய். ஊரில் வீடுகளிலும் எண்ணெய்தான். பின்னாளில் மண்ணெண்ணெய் வந்தது. அந்த வெளிச்சம் மங்கல்தான், புகையும் உண்டு. ஆனால் ஒரு வசதி இருந்தது. எத்தனை நாளுக்கு வெளிச்சம் வேண்டுமோ அத்தனை நாளுக்கான எண்ணெய் வீட்டிலேயே இருக்கும். புயலடித்தாலும் சாலை துண்டிக்கப்பட்டாலும் அந்த இருப்பு நம் கையில்.

மின்கம்பி வந்தபோது வெளிச்சம் பத்து மடங்கு கூடியது, புகை போனது. கூடவே இன்னொன்றும் போனது: வீட்டில் இருந்த இருப்பு. மின்சாரம் எங்கோ உண்டாகி, அந்த நொடியே இங்கே செலவாகிறது. நடுவில் எங்கும் நமக்கென்று எடுத்து வைக்கப்படுவதில்லை.

புதுச்சேரிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது: நெய்வேலி நிலக்கரி, கல்பாக்கம் அணுமின் நிலையம், தெலங்கானாவின் ராமகுண்டம் என்று பல இடங்கள். நம் யூனியன் பிரதேசத்துக்குச் சொந்தமாக உள்ள பெரிய மின் நிலையம் காரைக்காலில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். நம் வீட்டு விளக்குக்கும் அந்த ஊர்களுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியும் ஆயிரக்கணக்கான கம்பங்களும் நிற்கின்றன. வழியில் ஓர் இடத்தில் அறுந்தால் போதும்.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

பேனலுக்கும் பேட்டரிக்கும் மூலம் தேடினால் இரண்டும் பாரிஸுக்குத்தான் போகின்றன. புதுச்சேரிக்காரர்களான நமக்கு இது சுவையான செய்தி.

1839-இல் எட்மண்ட் பெக்கரெல் என்ற 19 வயது இளைஞர் தம் தந்தையின் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்துகொண்டிருந்தார். திரவத்தில் மூழ்கியிருந்த உலோகத் தகடுகள் மீது வெளிச்சம் பட்டபோது சிறிது மின்சாரம் ஓடுவதைக் கண்டார். ஒளி நேரடியாக மின்சாரமாக மாறும் என்பதற்கு அதுவே முதல் சான்று. இவருடைய மகன் ஹென்றி பெக்கரெல்தான் பின்னாளில் கதிரியக்கத்தைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றவர்.

அதற்கு 20 ஆண்டு கழித்து, 1859-இல், காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். அதுவரை இருந்த பேட்டரிகள் தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியவை. பிளாந்தே செய்ததை மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யலாம். 1881-இல் கமீல் ஃபோர் அதன் தகடுகளில் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்ய வழி பிறந்தது. உங்கள் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பராமரிக்கிறீர்களே, அந்த பேட்டரி இவர்கள் இருவரின் நேர் வாரிசு. 160 ஆண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

பேட்டரி உடனே வேலைக்கு வந்துவிட்டது. தந்தி நிலையம், ரயில் பெட்டி, பிறகு மோட்டார் கார் என்று பரவியது. பேனலோ நூறாண்டுக்கு மேல் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை. 1954 ஏப்ரலில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருப்படியான முதல் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டினார்கள். விழும் வெயிலில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது அது. அதே 1954-இல்தான், நவம்பர் 1 அன்று, புதுச்சேரி இந்திய ஆட்சிக்குக் கைமாறியது.

விலை மிக அதிகம் என்பதால் முதலில் அது விண்வெளிக்குத்தான் போனது. 1958-இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 செயற்கைக்கோளில் சாதாரண பேட்டரியும் இருந்தது, சோலார் செல்களும் இருந்தன. பேட்டரி சில மாதங்களில் தீர்ந்துபோனது. சோலார் செல்களோ 1964 வரை வேலை செய்தன. ஆனால் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகும்போதெல்லாம் பேனலுக்கு வேலை இருக்காது. அதனால் அடுத்தடுத்து வந்தவற்றில் பேனலையும் சார்ஜ் ஆகும் பேட்டரியையும் சேர்த்தே வைத்தார்கள். 1975-இல் ஏவப்பட்ட நம் ஆர்யபட்டாவிலும் இரண்டும் இருந்தன. நிழலுக்குள் போகும் எவருக்கும் பேனல் மட்டும் போதாது. மேலே போன செயற்கைக்கோளுக்கும், புயல் மேகத்தின் கீழே இருக்கும் வீட்டுக்கும் இந்த விதி ஒன்றுதான்.

காரைக்குடியும் ஸ்டாக்ஹோமும்

பேட்டரி ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948-இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1953-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் இன்றும் பேட்டரி ஆய்வில் நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று.

இப்போது செல்போன் முதல் மின்ஸ்கூட்டர் வரை எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் இட்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் அப்போது 97 வயது முதியவர். ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் அருமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, குட்இனஃபோடு நெடுங்காலம் பணியாற்றியவர். இருவரும் 1980-களில் செய்த ஆய்வின் தொடர்ச்சியாக வந்ததுதான், இன்று வீட்டுச் சேமிப்புக்குப் பெரிதும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. எளிதில் தீப்பிடிக்காது, ஈய பேட்டரியைவிடப் பல மடங்கு முறை சார்ஜ் ஆகும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை.

பேட்டரியோடு வந்த சோலார்

நம் பகுதியில் சோலார் முதலில் எப்படி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆரோவில்தான் நினைவுக்கு வரும். 1968-இல் வெறும் செம்மண் மேட்டில் தொடங்கிய அந்த ஊரில் பல வீடுகளுக்கு மின்கம்பி போகவே இல்லை. அவர்கள் கூரையில் பேனல் வைத்தார்கள், உள்ளே பேட்டரி வைத்தார்கள். 1990-களில் மாத்ரி மந்திருக்கு ஏறத்தாழ 36 கிலோவாட் பேனலும் பேட்டரியும் கொண்ட சொந்த சோலார் நிலையம் அமைந்தது. அங்குள்ள சோலார் கிச்சனின் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் பெரிய கிண்ணம் ஒன்று இருக்கிறதே, அது வேறு வகை. வெயிலின் சூட்டில் நீராவி உண்டாக்கிச் சமைப்பது. அதில் மின்சாரம் கிடையாது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தெருவோர சோலார் விளக்குகளிலும் கம்பத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. கிராமங்களுக்குக் கொடுத்த சோலார் லாந்தரிலும் பேட்டரி இருந்தது. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், ஆண்டுக்கு 60 ஆயிரம் வீதம் கட்டப்பட்ட சிறு வீடுகளுக்குச் சூரிய ஒளி விளக்குகள் கொடுத்தார்கள். இரவில் எரிய வேண்டிய விளக்கு என்பதால் அதிலும் சேமிப்பு இருந்தாக வேண்டும். நம் தலைமுறை மனத்தில் "சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் எரியும்" என்ற எண்ணம் பதிந்தது இவற்றைப் பார்த்துத்தான். அன்றைக்கு அது உண்மை.

பேட்டரியின் அருமையை எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் அங்கே ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுற்றுவதை நிறுத்தினால் செய்தியும் நிற்கும். சேமிப்பு இல்லாத மின்சாரம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பேனல் இல்லாமல் வந்த பேட்டரி

2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டு அவதி உங்களுக்கு நினைவிருக்கும். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. நம் ஊரில் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்துக்குள் நுழைந்தால் விழுப்புரம் மாவட்டம். அந்த எல்லையை அப்போது விளக்கு வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த ஆண்டுகளில்தான் நடுத்தர வீடுகளில் இன்வெர்ட்டர் நிலையான பொருளானது. கவனியுங்கள், இதில் பேட்டரி உண்டு, பேனல் கிடையாது. கரண்ட் இருக்கும்போது கம்பியிலிருந்து உறிஞ்சி வைத்து, இல்லாதபோது கொடுக்கும். இரண்டு மணி நேரம் போய் வரும் கரண்டுக்கு அது போதும். ஒரு வாரம் கரண்ட் இல்லையென்றால் முதல் நாளோடு அதன் கதை முடிந்துவிடும். மீண்டும் நிரப்பிக்கொள்ள அதற்கு வழி இல்லை.

பேட்டரி இல்லாமல் வந்த சோலார்

இதே காலத்தில் உலக அளவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஜெர்மனி 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டத்தைத் தொடங்கி, 2000-இல் சோலார் மின்சாரத்துக்கு நல்ல விலை கொடுக்கும் சட்டத்தை இயற்றியது. சீனாவில் பேனல் தொழிற்சாலைகள் பெருகின. 2008-இலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பேனலின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பேட்டரி விலை அந்த வேகத்தில் இறங்கவில்லை. ஆகவே, "பேட்டரியை விட்டுவிடுவோம், மின்துறையின் கம்பியையே பேட்டரிபோல் வைத்துக்கொள்வோம்" என்ற யோசனை எங்கும் பரவியது. இதற்குப் பெயர்தான் நெட் மீட்டரிங்.

இந்தியாவில் 2010 ஜனவரியில் தேசிய சூரிய மின்சக்தித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2013-இல் நெட் மீட்டரிங்குக்கு ஆணை வந்தது. புதுச்சேரியும் மற்ற யூனியன் பிரதேசங்களும் கோவாவும் அடங்கிய கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் விதி வகுத்தது. 2019-இல் அதைப் புதுப்பித்தது.

நெட் மீட்டரிங்கை விளக்க என் பழைய தொழிலைவிட நல்ல உவமை கிடைக்காது. பகலில் உங்கள் பேனல் 10 யூனிட் தருகிறது, வீட்டில் 4 செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 6 யூனிட் வெளியே போகிறது. மீட்டர் அதை உங்கள் வரவாக எழுதிக்கொள்கிறது. இரவில் நீங்கள் 6 யூனிட் எடுத்தால் செலவாக எழுதுகிறது. வித்தியாசத்துக்கு மட்டும் பில். இது ஒரு சேமிப்புக் கணக்கு. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் வாரியத்தோடு வைத்திருந்த இத்தகைய ஏற்பாட்டுக்குப் பேங்கிங் என்றே பெயர்.

வங்கிக் கவுண்டரில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நீங்கள் காலையில் கட்டிய நோட்டு உங்களுக்காகப் பெட்டியில் காத்திருப்பதில்லை. அன்றே வேறொருவர் கைக்குப் போய்விடும். பாஸ்புக்கில் இருப்பது எண் மட்டும். அதுபோல, நீங்கள் வெளியே அனுப்பிய 6 யூனிட் அந்த நொடியே பக்கத்துத் தெரு மாவு மில்லில் செலவாகிவிட்டது. வங்கி திறந்திருக்கும்வரை இதில் எந்தக் குறையும் இல்லை. புயல் நாளில் வங்கி மூடிவிட்டால்? பாஸ்புக்கில் எவ்வளவு இருந்தாலும் அன்றைக்குக் கைச்செலவுக்கு ஆகாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் உங்கள் பேனலின் இன்வெர்ட்டரும் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரத்தில் நூறு மாடிகளிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் உலகத் தரநிலைகளிலும் இது கட்டாயம். ஒரு மனிதர் உயிரைக் காக்கும் விதியைக் குறை சொல்ல முடியாது.

ஆக, சோலார் முதலில் பேட்டரியோடு வந்தது. பிறகு விலை காரணமாக பேட்டரி கழற்றப்பட்டது. கழற்றப்பட்டது நம் மனத்தில் பதியவில்லை. குழப்பத்தின் வேர் இங்கேதான்.

இந்த வங்கி முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இலங்கை காட்டியது. அங்கே வீட்டுக் கூரைகளில் சோலார் பெருகியபின், விடுமுறை நாள்களின் நண்பகலில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சிவிடுகிறது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறில் தீவு முழுவதும் இருண்டது. அந்த நேரத்தில் சோலார் அதிகமாகவும் பெரிய நிலையங்கள் குறைவாகவும் இயங்கியதால் தாங்கும் வலு குறைந்திருந்தது என்று மின்சார சபை விளக்கியது. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. எல்லோரும் ஒரே மணிக்குப் பணம் கட்ட வந்தால் வங்கியும் திணறத்தான் செய்யும். வீட்டிலேயே கொஞ்சம் சேர்த்து வைத்தால் எல்லோருக்கும் நல்லது.

புயல்கள் சொன்ன பாடம்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அன்று ஊரைச் சுற்றி வந்தவர்களுக்கு, வேரோடு சாய்ந்த மரங்களும் முறிந்த மின்கம்பங்களும் கண்ணைவிட்டு அகலாது. கரண்ட் வர நகரத்திலேயே பல நாள். கிராமங்களில் வாரக்கணக்கில் ஆயிற்று. 2018 நவம்பரில் கஜா டெல்டாவையும் நம் காரைக்காலையும் தாக்கியது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. 2020-இல் நிவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் ஊர் அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ராணுவம் வந்து படகில் மக்களை மீட்டதை நாம் பார்த்தோம்.

இந்தப் புயல்களில் இரண்டு வகைப் பாடம் இருக்கிறது. தானே, கஜா போன்றவை காற்றுப் புயல்கள். ஒரே நாளில் ஓய்ந்துவிடும்; மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெயில் வந்துவிடும். கம்பங்களை நட்டுக் கம்பி இழுக்கத்தான் நாள்கள் ஆகும். அதாவது கரண்டுக்கு முன்பே வெயில் திரும்பி வருகிறது. அந்த இடைவெளியில்தான் பேனலும் பேட்டரியும் சேர்ந்த அமைப்புக்கு உண்மையான மதிப்பு. பகலில் நிரம்பும், இரவில் கொடுக்கும், மறுநாள் மீண்டும் நிரம்பும். பேனல் மட்டும் இருந்தால் வெயிலைப் பார்த்துக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஃபெஞ்சல் மழைப் புயல். அன்று வானம் கறுத்துக் கிடந்ததால் பேனலால் பெரிய பயன் இருக்காது. முதல் நாளே நிரப்பி வைத்த பேட்டரிதான் உதவும். அந்த பேட்டரியும் தரைத்தளத்து மீட்டர் அறையில் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் ஒருவகை இருப்புதான். டீசல் வடிவில் உள்ள இருப்பு. தீர்ந்தால் பங்குக்குப் போக வேண்டும். பெரிய புயலுக்குப் பிறகு அங்கே வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

உலகின் மறுகோடியில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் அத்ஹுந்தாஸ் என்ற மலையூர். அங்குள்ள காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பின் கட்டடம் 1999 முதல் சோலாரிலும் பேட்டரியிலும் இயங்கி வந்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவு முழுவதையும் இருட்டாக்கியபோது, ஊர் மக்கள் போன் சார்ஜ் செய்யவும் மருத்துவக் கருவிகளை இயக்கவும் அங்கேதான் வந்தார்கள். தீவின் பல பகுதிகளுக்குக் கரண்ட் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று. ஊருக்கு ஒரு கட்டடத்தில் சேமிப்பு இருந்தாலே எத்தனை பேருக்கு உதவும் என்பதற்கு அது சாட்சி.

நம் வளாகத்துக்கான கணக்கு

இனி நம் விஷயம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாயும் மானியம். நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது உபயோகத்துக்கான சோலாருக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 20 கிலோவாட் போட்டால் 3,60,000 ரூபாய் கிடைக்கும். இந்த மானியம் பேனலின் அளவைப் பொறுத்தது. பேட்டரிக்கென்று தனியாகக் கிடையாது. விற்பனையாளர்கள் பேட்டரி இல்லாத கொட்டேஷனைக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும்.

புயல் நேரத்தில் நமக்கு எவ்வளவு வேண்டும்? உதாரணத்துக்கு: படிக்கட்டு, நடைபாதை விளக்குகள் 9 வாட் எல்.இ.டி. 20, இரவு 12 மணி நேரம் எரிந்தால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். 3 குதிரைத் திறன் தண்ணீர் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 2.5 யூனிட். லிஃப்டை முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் என்று கட்டுப்படுத்தி, மொத்தமாக அரை மணி நேரம் ஓட்டினால் இன்னொரு 2.5 யூனிட். கூட்டினால் 7 யூனிட் அளவில் வரும். 10 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒரு நாளைத் தாங்கும். வெயில் திரும்பியதும் 20 கிலோவாட் பேனலில் சிறு பகுதியே அதை நிரப்பிவிடும். முழு வளாகத்தையும் பேட்டரியில் ஓட்ட வேண்டியதில்லை. அத்தியாவசியத்துக்குத் தனி லைன் இழுத்தால் போதும்.

லித்தியம் பேட்டரி 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024-இல் உலகச் சராசரி 115 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. நம் கைக்கு வரும்போது இன்வெர்ட்டர், பொருத்தும் கூலி, வரி எல்லாம் சேர்ந்து கூடும். ஆனாலும் பத்தாண்டுக்கு முன் எட்டாத பொருள் இன்று சங்கத்தின் பராமரிப்பு நிதிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தனித்தனி பிளாட்டுக்கும் ஒரு கணக்கு. 150 ஆம்பியர் ஈய பேட்டரியில் 1.8 யூனிட் கொள்ளும். கையில் கிடைப்பது 1.2 யூனிட் அளவு. நான்கு விளக்கும் இரண்டு சாதாரண மின்விசிறியும் சேர்த்து 186 வாட். 6 மணி நேரம் வரும். அதே இரண்டு விசிறிகள் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகையாக இருந்தால் 12 மணி நேரம் வரும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிடச் செலவைச் சிறிதாக்குவது மலிவு. குடும்பக் கணக்கில் நாம் அறிந்த பாடம்தான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

சோலார் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வரும்போது விற்பனையாளரிடம் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கரண்ட் போனால் இந்த அமைப்பு வேலை செய்யுமா? இன்று பேட்டரி வாங்காவிட்டாலும், பின்னால் சேர்க்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரா? லிஃப்ட், தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தை அது தாங்குமா? நம் லிஃப்டுக்கு மூன்று பேஸ் வேண்டும் என்பது கணக்கில் இருக்கிறதா? பேனல் தாங்கிகள் தானே அளவுக் காற்றுக்குத் தாங்குமா? பேட்டரி தரைத்தளத்தில் வைக்கப்படுமா, முதல் மாடிக்கு மேலா?

மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக மட்டும் பேனல் போடுவதும் நல்ல காரியமே; முதலீடு சில ஆண்டுகளில் திரும்பும். அது புயலுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு போடுவதுதான் ஆபத்து. நம் மேல்மாடிகளில் எண்பதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மூச்சுக்கு ஆக்ஸிஜன் கருவி வேண்டியவருக்கு அது மட்டுமே 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். லிஃப்ட் நின்று, தண்ணீர் ஏறாமல் மூன்று நாள் கழிப்பது இவர்களுக்கு அசௌகரியம் என்ற அளவோடு நிற்காது.

ஆகையால் கொட்டேஷன்களை ஒப்பிடும்போது இரண்டு வரிகளைத் தனித்தனியே பாருங்கள்: எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு சேமிப்பு. இரண்டாவது வரியில் பூஜ்யம் இருந்தால், மழைக்காலத்துக்கு வேறு ஏற்பாடு தேவை என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேல்மாடியில் கருவி உதவியோடு வாழ்பவர்கள் இருந்தால், பெயரையும் பிளாட் எண்ணையும் சங்க அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். அத்தியாவசிய லைனில் எந்தெந்த வீட்டுக்கு ஒரு பிளக் பாயின்ட் இழுக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.